குப்பியின் அடியில் உள்ள பெயர்

பழம்பொருள் என்றதும் அரும்பொருட்சாலையின் கண்ணாடிப் பேழையும் செல்வர் வீட்டு வரவேற்பறையுமே நம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றன. அதனை ஆராய்வது பொழுது போகாதவர்களின் வேலை என்ற எண்ணமும் கூடவே எழுகின்றது. வயலிலும் வாவியிலும் உழைத்துக் களைத்த மக்களிடையே, கொக்கட்டிச்சோலையில் இருந்துகொண்டு, சீனப் பேரரசர்களின் மூக்குத்தூள் குப்பிகளைப் பற்றி ஓர் ஆசிரியர் எழுதப் புகுந்தால், 'இவருக்கு வேறு வேலை இல்லையா?' என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. ஆயினும், ஒரு பொருள் எக்காலத்தது, எவ்விடத்தது, எவர் கையால் ஆனது என்னும் மூன்று வினாக்களும் அரும்பொருட்சாலைக்குள் அடங்கிவிடுவன அல்ல. அவற்றுக்கு விடை கூறும் அதிகாரம் எவரிடம் இருக்கின்றதோ, அவரே அப்பொருளின் விலையையும் நிர்ணயிக்கின்றார். சில வேளைகளில் அப்பொருள் கிடக்கும் மண்ணின் உரிமையையும் நிர்ணயிக்கின்றார். அந்த அதிகாரத்தில் ஒரு பங்கேனும் நம் மாணவர் கைக்கு வரவேண்டும் என்ற ஆசையே எம்மை எழுதத் தூண்டியது.

மூக்குத்தூள் நமக்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் மடியிலே சிறு தகர டப்பி இருந்தது. தமிழகத்துப் பெரியவர்களிடம் பொடிமட்டை இருந்தது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியக் கப்பல்கள் அதனை ஆசியாவுக்குக் கொண்டுவந்தன. பதினேழாம் நூற்றாண்டிலே கிறித்தவத் துறவியர் சீன அரசவைக்கு எடுத்துச் சென்ற கையுறைகளுள் மூக்குத்தூளும் ஒன்று. ஐரோப்பியப் பிரபுக்கள் அதனைப் பெட்டியிலே வைத்திருந்தனர். சீனரோ சிறிய குப்பியில் இட்டு, இறுக மூடி, மூடியோடு இணைந்த சிறு கரண்டியால் எடுத்துப் பயன்படுத்தினர். பெட்டிக்குள் ஈரம் எளிதிற் புகும், தூள் கட்டிபட்டுவிடும். மாரிகாலத்தில் வாவிக்கரை வீடுகளிலே உப்பும் தீப்பெட்டியும் படும் பாட்டை அறிந்த நமக்கு அந்தக் குப்பியின் அருமையை விளக்கவேண்டியதில்லை.

உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு குப்பியின்மேலே சிங் வமிசத்துப் பேரரசர்கள் ஒரு பெருங்கலையை ஏற்றிவைத்தார்கள். அதுவே எனாமல் ஓவியம். நீல விளிம்பிட்ட வெள்ளை எனாமல் கோப்பையிலே தேநீர் அருந்திய தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கின்றது. அக்கோப்பையும் பேரரசரின் குப்பியும் தொழில்நுட்பத்தால் ஒரே குடும்பத்தவை. நிறமூட்டிய கண்ணாடியைத் தூளாக்கி, ஒரு பொருளின்மீது பூசி, உலையிலே உருக்கி ஒட்டவைப்பதே எனாமல். அரண்மனைக் கைவினைஞர் அத்தூளைக் குழைத்து, மயிர்த்தூரிகையால், செப்பின்மீதும் பீங்கானின்மீதும் கண்ணாடியின்மீதும் பூவும் பறவையும் மனித உருவமும் வரைந்தனர். இவற்றுள் கண்ணாடியின்மீது வரைவதே மிகக் கடினம். பூசிய வண்ணம் உருகவேண்டும், ஆனால் குப்பி உருகிவிடலாகாது. இரண்டுக்கும் இடையேயுள்ள வெப்ப வேறுபாடு மிகச் சிறியது. உலையின் சூட்டைக் கண்ணால் அளந்த தொழிலாளியின் அநுபவம் ஒரு கணம் பிசகினால், பல நாள் உழைப்பு வளைந்து உருக்குலைந்துவிடும்.

இத்தொழில் அரண்மனைக்குள் எவ்வாறு நுழைந்தது? காங்சிப் பேரரசரின் ஆட்சியில் (1662–1722), 1696ஆம் ஆண்டு, பெய்ஜிங்கிலே அரச கண்ணாடிச் சாலை ஒன்று நிறுவப்பட்டது. அதனை அமைத்தவர் கிலியன் ஸ்டும்ப் என்னும் செருமானிய இயேசு சபைத் துறவி. மட்டக்களப்பு நகரிலே பின்னாளிற் கல்விப்பணி புரிந்ததும் அதே சபைதான். எனாமல் ஓவியத்தில் மேனாட்டார் பெற்றிருந்த தேர்ச்சியைத் தமது அரண்மனையும் பெறவேண்டுமெனப் பேரரசர் விரும்பினார். 1716 அளவிலே காஸ்திலியோனே, ரிப்பா என்னும் இரு இத்தாலிய ஓவியத் துறவியரை எனாமல் வேலைக்கு அமர்த்தினார். காலை முதல் மாலைவரை கூலிக் கைவினைஞரோடு அடைந்து கிடக்க விரும்பாத அவ்விருவரும் வேண்டுமென்றே மோசமாக வரைந்தனர் என்றும், பேரரசர் சலித்துப்போய் அவர்களை விடுவித்தார் என்றும் ரிப்பாவே தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். 1719இல் கிரவெரோ என்னும் பிரெஞ்சு எனாமல் வல்லுநர் வந்துசேர்ந்தார்.

ரிப்பாவின் கதையைப் படிக்கும்போது சிரிப்பு வருகின்றது. சிரிப்பு அடங்கிய பின்னர் ஒரு வினா எழுகின்றது. மோசமாக வரைந்து தப்பும் வசதி வெளிநாட்டுத் துறவிக்கு இருந்தது. அவர் அருகே அமர்ந்திருந்த சீனத் தொழிலாளிக்கு அவ்வசதி இருந்ததா? துறவியின் பெயர் நூலிலே நிற்கின்றது. பக்கத்தில் இருந்தவரின் பெயர் எங்கே?

குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியிலே நான்கு எழுத்துக்கள் தெரியும். காங்சி காலத்து எனாமல் பொருள்களிலே பெரும்பாலும் 'காங்சிப் பேரரசரின் ஆணையால் ஆக்கப்பட்டது' என்ற கருத்தில் அவ்வெழுத்துக்கள் அமையும். அவருக்குப் பின் யொங்செங் (1723–1735), சியென்லோங் (1736–1795) ஆகியோர் காலங்களில் 'இன்னார் ஆட்சியாண்டுகளில் ஆக்கப்பட்டது' என்று பொறித்தனர். இம்முத்திரையைக் கண்டதும் காலம் தெரிந்துவிட்டது என்று மகிழ்பவர் பலர். தமிழ் படித்தவர் இங்கே சற்றுத் தயங்குவர். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். மன்னன் இயற்பெயரோ மெய்க்கீர்த்தியோ இன்றி, 'கோப்பரகேசரிவர்மற்கு யாண்டு' என்று மட்டும் தொடங்கும் கல்வெட்டு எந்தப் பரகேசரியுடையது? எழுத்தின் வடிவம், உடன் வரும் அதிகாரிகளின் பெயர், வானியற் குறிப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டே ஆய்வாளர் விடை காண்கின்றனர். அரசன் பெயர் ஆய்வின் தொடக்கமே.

நமது தீவிலும் சீனப் பேரரசர் ஒருவரின் ஆண்டு பொறித்த பொருள் உண்டு. 1911இல் காலி நகரிலே ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டே அது. இன்று கொழும்புத் தேசிய அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. அதிலே சீனம் புத்தரையும், தமிழ் தெனாவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாஹ்வையும் போற்றுகின்றன. ஆயிரம் பொன்னும் ஐயாயிரம் வெள்ளியும் காணிக்கையாகக் குறிக்கப்பட்டுள்ளன. யொங்லே பேரரசரின் ஏழாம் ஆட்சியாண்டு, அதாவது 1409 பெப்ரவரி, அதன் காலம். ஆனால் அது கல் நாட்டப்பட்ட நாளன்று. செங் ஹேயின் கப்பற்படை புறப்படுமுன்னர் சீனத்திலே வாசகம் எழுதப்பட்ட நாள் அது. பொய்யே கலவாத ஆண்டுக் குறிப்புக்கூட எதன் ஆண்டைக் குறிக்கின்றது என்று நின்று கேட்கவேண்டியிருக்கின்றது.

குப்பியின் முத்திரையோ இதனினும் வழுக்கலானது. பின்வந்த தலைமுறையினர் முன்னோர்மீது கொண்ட மதிப்பினால் அவர்தம் ஆட்சிப் பெயரைப் பொறித்ததுண்டு. ஏமாற்றி விற்பதற்கென்றே பொறித்ததும் உண்டு. எனவே ஆய்வாளர் அடியிலிருக்கும் எழுத்தை நம்பி நின்றுவிடாமல் வண்ணத்திடம் கேட்கின்றனர். அங்கே பல சாட்சிகள் கிடைக்கின்றன. ஒன்று இளஞ்சிவப்பு. பொன்னை இராசதிராவகத்தில் கரைத்து, நுண்துகளாக்கிக் கண்ணாடியிலே கலந்தால் இந்நிறம் பிறக்கும். ஐரோப்பாவில் வளர்ந்த இந்நுட்பம் சீனத்தில் வேரூன்றியது காங்சி ஆட்சியின் இறுதிக் காலத்தில். மற்றொன்று வெள்ளை. ஈயமும் ஆர்செனிக்கும் சேர்ந்த வெள்ளையைக் கலந்தே ஓவியர் மற்ற நிறங்களை மென்மையாக்கினர். யொங்செங் காலத்தில், 1728ஆம் ஆண்டு எழுதிய அரண்மனைக் குறிப்பொன்று, மேனாட்டு வண்ணங்களை ஒருபுறமும் அரண்மனையிலேயே புதிதாக ஆக்கிய வண்ணங்களை மறுபுறமுமாக வரிசைப்படுத்துகின்றது. அதற்கு முந்திய குப்பியையும் பிந்திய குப்பியையும் அருகருகே வைத்தால் நிறத்தட்டு விரிந்திருப்பது தெரியும்.

பச்சை தரும் சாட்சி இன்னும் கண்டிப்பானது. குரோமியம் என்னும் தனிமத்தைப் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லின் கண்டறிந்தது 1797இல். அதிலிருந்து ஆக்கிய பச்சை கைவினைஞர் கைக்கு வந்தது அதற்கும் பின்னர். ஆகவே காங்சி முத்திரை தாங்கிய குப்பியின் பச்சையிலே குரோமியம் கலந்திருந்தால், அந்தப் பச்சை காங்சி காலத்தது அன்று. முத்திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. இதனை அறியக் குப்பியைச் சுரண்டவும் வேண்டியதில்லை. எக்சு கதிரைப் பாய்ச்சித் தனிமங்களை அறியும் கருவியும், 1928இல் ச. வெ. இராமன் கண்ட ஒளிச்சிதறலை அடிப்படையாகக் கொண்ட கருவியும் இப்பணிக்கு உதவுகின்றன. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த தமிழரின் கண்டுபிடிப்புச் சீனக் குப்பியின் வண்ணத்தைப் பேசவைக்கின்றது என்பதை வகுப்பிலே சொன்னபோது பிள்ளைகளின் முதுகு நிமிர்ந்ததை நாம் கண்டோம்.

மூன்றாவது வினாதான் நம் போன்றோர் நெஞ்சைத் தொடுவது: எவர் கை? அரண்மனைப் பட்டறைகளின் நாளேடுகள் 1723 முதலாகக் கிடைக்கின்றன. என்ன பொருள் செய்யப் பணிக்கப்பட்டது, எந்த மாதிரியைப் பேரரசர் ஏற்றார், எதனைத் திருத்தச் சொன்னார் என்பன அவற்றிலே பதிவாகியுள்ளன. அவ்வேடுகளிலே சோ வென்யூ, டான் ரொங் போன்ற எனாமல் ஓவியர்களின் பெயர்களும் உள்ளன. குப்பியில் இல்லாத பெயர் கணக்கேட்டில் இருக்கின்றது! கூலி கொடுத்தவன் கணக்கு வைத்தான்; அந்தக் கணக்கே இன்று தொழிலாளியின் சாசனமாயிற்று. வரலாற்றின் இத்தகைய குறும்புகள் எமக்குப் பெரிதும் பிடிக்கும்.

ஆனால் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சில எனாமல் குப்பிகளின் அடியிலே 'கூயுவே சுவான்' என்ற பெயர் காணப்படுகின்றது. 'பழமதி மாடம்' என்று அதனைத் தமிழாக்கலாம். 'பழைய', 'திங்கள்' என்னும் இரு சீன எழுத்துக்களையும் சேர்த்தெழுதினால் 'ஹூ' என்னும் குடும்பப் பெயர் வரும். எனவே ஹூ என்ற கண்ணாடித் தொழிலாளி ஒருவர் தம் பெயரை மறைத்துப் பொறித்தார் என்று நெடுங்காலம் கதை வழங்கிற்று. பேரரசனின் பொருளிலே தொழிலாளி தன் பெயரைத் தந்திரமாக எழுதிவைத்தான் என்பது எவ்வளவு இனிய கதை! முற்போக்கு எண்ணங்கொண்ட எவரும் அது மெய்யாக இருக்கவேண்டும் என்றே விரும்புவர். ஆய்வு வேறு விடை தந்தது. அப்பெயர் யுவான்மிங்யுவான் அரச பூங்காவிலே, சியென்லோங் பேரரசருக்காக 1767 அளவிற் கட்டப்பட்ட ஒரு மாடத்தின் பெயர். அம்மாடத்துக்கென ஆக்கிய குப்பிகளில் அது பொறிக்கப்பட்டது. ஹூ மறைந்தார், மாடம் நின்றது. நமக்கு இனிக்கும் கதையையும் சான்று இல்லையெனிற் கைவிடும் துணிவே ஆராய்ச்சியின் அறம். கற்பனைத் தொழிலாளியைக் கைவிட்டால்தான் ஏட்டிலே காத்திருக்கும் சோ வென்யூவிடம் நாம் போய்ச் சேரமுடியும்.

அதே மாடத்தின் பெயரைத் தாங்கிய, மிக நேர்த்தியான வேறு சில குப்பிகள் 1930களில் பெய்ஜிங்கிலே வாழ்ந்த யே பெங்சி என்னும் கலைஞரின் கைவேலை என்பது பின்னர் தெரியவந்தது. குப்பியின் உட்புறத்தில் ஓவியம் தீட்டும் கலையிற் பேர்பெற்ற குடும்பத்தில் வந்தவர் அவர். பழைமைக்கு ஏங்கிய சேகரிப்பாளர்கள் அவருடைய குப்பிகளைச் சியென்லோங் காலத்தன என்று எண்ணிப் போற்றினார்கள். உண்மை வெளிவந்ததும் அவை வேறு வரிசைக்கு மாற்றப்பட்டன. நேற்றுவரை வியந்த அதே தூரிகைக் கோடுகள் ஒரே நாளில் அழகு குன்றிவிட்டனவா? சந்தை வாங்கியது அழகையா, அரசனின் பெயரையா? வறுமை சூழ்ந்த அந்நகரத்திலே ஒருவர் தம் பெயரை மறைத்து, இறந்த பேரரசனின் பெயரிலே தம் திறமையை விற்கவேண்டியிருந்தது. குற்றம் யாருடையது என்று தீர்ப்பளிக்குமுன் அந்தச் சந்தையையும் கூண்டில் ஏற்றவேண்டும்.

கைமாறிய வழியும் ஒரு சாட்சியே. அரண்மனையை விட்டு வெளியே போகாத குப்பிகள், 1925இல் அரண்மனை அரும்பொருட்சாலை நிறுவப்பட்டபோது அதனிடம் சேர்ந்தன. ஒரு பகுதி 1948, 1949ஆம் ஆண்டுகளில் தாய்வானுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பெய்ஜிங்கிலும் தாய்ப்பேயிலும் உள்ள இவையே ஒப்பிடுவதற்கு உறுதியான அடிப்படை. ஆனால் 1860இல் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் யுவான்மிங்யுவானைக் கொள்ளையிட்டு எரித்தன. பழமதி மாடம் இருந்த பூங்கா அதுவே. அங்கிருந்து சிதறிய பொருள்கள் எந்தச் சிப்பாயின் பையில் ஏறி எந்த ஏலக்கடையில் இறங்கின என்பதற்கு முழுமையான கணக்கில்லை. பொருளைத் திருடியவன் அதன் வரலாற்றையும் சேர்த்தே திருடினான்.

இவ்வரியை எழுதும்போது எம்மால் வாவியின் மேற்குக் கரையை நினையாதிருக்க முடியவில்லை. படுவான்கரை என்று நாம் அழைக்கும் இப்பகுதியிலே, 1987 சனவரியிலும் 1991 சூனிலும் நடந்த படுகொலைகளின் பெயரோடு கொக்கட்டிச்சோலையின் பெயர் ஒட்டிக்கொண்டது. உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடிய மக்கள் வெண்கலத்தையும் பித்தளையையும் தூக்கிக்கொண்டா ஓடுவார்கள்? திரும்பி வந்தபோது சிலரிடம் ஒரு செம்பு எஞ்சியது, சிலரிடம் ஒரு பாக்குவெட்டி எஞ்சியது. உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் போன வீடுகளிலே, எஞ்சிய ஒரு பாத்திரமே குடும்பத்தின் பழைய ஏடாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவரிடம், வீட்டிலுள்ள மிகப் பழைய பொருள் ஒன்றைப் பற்றி எழுதிவரச் சொன்னோம். 'கண்டது', 'கேட்டது', 'ஊகித்தது' என்று கொப்பியின் தாளை மூன்றாகப் பிரித்துக் கோடிடச் செய்தோம். சீனக் குப்பியின் கதையை அன்றுதான் அவர்களுக்குச் சொன்னோம். ஒரு மாணவி பித்தளை வெற்றிலை வட்டாவைப் பற்றி எழுதினாள். நம் பகுதியில் வந்தவரை வரவேற்பதும் கலியாணம் பேசுவதும் பகை தீர்ப்பதும் வட்டாவின் முன்னிலையிலே நடந்தவை என்பது வாசகர் அறிந்ததே. அடியிலே புள்ளி புள்ளியாகக் குத்திய இரண்டு எழுத்துக்கள் இருந்தன. அவை அவளுடைய பூட்டியின் பெயரின் முதலெழுத்துக்கள் என்று அம்மம்மா சொன்னதைக் 'கேட்டது' என்ற பகுதியில் எழுதியிருந்தாள். விளிம்பிலே ஒட்டுவேலை செய்த தழும்பு இருப்பதைக் 'கண்டது' என்ற பகுதியில் எழுதியிருந்தாள். இறுதியில் ஒரு வாக்கியம்: 'இதில் இருப்பது வைத்திருந்தவரின் பெயர். செய்த கன்னாரின் பெயர் இல்லை.' எந்த வினாத்தாளும் இதைவிடச் சிறந்த விடையை எமக்குத் தந்ததில்லை.

இரண்டு மாதங் கழித்து அந்த வட்டா விலைப்பட்டது. மோட்டார் சைக்கிளில் ஊரூராகப் பழம்பித்தளை வாங்கித் திரியும் வியாபாரி ஒருவர் வந்து, "அக்கா, இது ஒண்டும் பழசில்ல, எடைக்குத்தான் எடுக்கலாம்" என்றாராம். மாணவி தன் கொப்பியைக் காட்டி, தழும்பையும் எழுத்தையும் பூட்டியின் காலத்தையும் எடுத்துச் சொன்னாள். வியாபாரி சிறிது விலை ஏற்றினார்; ஆனாலும் அது எடைக்கணக்கின் எல்லையைத் தாண்டவில்லை. அந்தக் கிழமை நுண்கடன் தவணை கட்டவேண்டிய கிழமை. பேரம் பேசக் காலம் வேண்டும். கடன்பட்டவரிடம் காலம் இருப்பதில்லை. "புழங்காத சாமான்தானே சேர்" என்று தாய் எம்மிடம் சொன்னபோது அவர் முகத்தை நாம் பார்க்கவில்லை. வாங்கும்போது 'பழசில்லை' என்ற சொல், விற்கும் கடையிலே 'நூறாண்டுப் பழைமை' என்று மாறும். அடியில் முத்திரை குத்துவதும் இதுவும் ஒரே தொழில்தான்.

அறிவு மட்டும் கடனை அடைக்காது என்பதை நாம் அறிவோம். ஆயினும் அந்த வீட்டிலே இப்போது வட்டாவின் படமும் அளவும் அதன் கதையும் இருக்கின்றன. கொப்பி இருக்கும்வரை அது பெயரற்ற பித்தளையாகிவிடாது.

இந்த மூன்று கட்டங்கள் வட்டாவுக்கு மட்டும் உரியனவல்ல. போர்த்துக்கேயர் முன்னிலையில் நமது தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கல் நந்தி புல் உண்டது என்னும் ஐதீகத்தை ஒரு மாணவன் எழுதிவந்து, எந்தக் கட்டத்தில் இடுவது என்று கேட்டான். 'கேட்டது' என்ற கட்டத்திலே இடச் சொன்னோம். அங்கே இடுவது அதனை இகழ்வதன்று. கோயில்களை இடித்த அந்நியன்முன் நம் மக்கள் எதனை நம்பி நின்றார்கள் என்பதற்கு அக்கதை உறுதியான சான்று. கல்லின் வயதுக்கு வேறு சான்று தேடவேண்டும்.

கிழக்கு மாகாணத்திலே இன்று ஒரு கல்லின் வயது ஒரு காணியின் உரிமையாக மாறிவிடுகின்றது. 2020 சூனில் இம்மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஒரு சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. அமைக்கப்பட்ட வேளையிலே தமிழரோ முஸ்லிம்களோ ஒருவர்கூட அதில் இருக்கவில்லை. மூன்று மொழியிலே மூன்று சமயத்தைப் போற்றிய கல்லைப் பாதுகாக்கும் நாட்டிலே இது நடந்தது. இதற்கு மறுமொழியாக நாமும் கண்ட கல்லையெல்லாம் நமதே என்று கூவினால், அடிமுத்திரையை மாற்றிக் குத்தியவர்களாவோமே அன்றி உண்மைக்கு ஓர் அடியும் நெருங்கியவர்களாக மாட்டோம். சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் எவராயினும் ஒரு பொருளைக் கையிலெடுத்து, கண்டது எது, கேட்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துப் பேசக் கற்றுவிட்டால், அவர்களைப் பெயரைக் காட்டி ஏமாற்றுவது கடினமாகும்.

ஆசிரிய நண்பர்களுக்கு எமது வேண்டுகோள் எளியது. ஒரு கொப்பி, ஓர் அடிமட்டம், ஒரு தராசு, வீட்டில் ஒரு முதியவர்: இவை போதும். செய்தவரின் பெயர் கிடைக்காத இடத்திலே கோடிட்டு வெறுமையாக விடுங்கள். அரசன் பெயரையோ உபயகாரர் பெயரையோ எழுதி அவ்விடத்தை நிரப்பவேண்டாம். கன்னாருக்கென விட்ட அந்த வெற்றிடத்தை நிரப்பும் ஏடு எந்தப் பெட்டகத்தின் அடியிலேனும் இருக்கலாம். அதனைத் தேடிப் போகவேண்டியவர்கள் நம் முன்னே வாங்கிலே அமர்ந்திருக்கின்றார்கள்.